செகண்ட் லைஃப் பரத அவதாரம்: கருவிழி திரும்புதில்லை, இமை முழுதாக மூடுதில்லை

நயனபாவம் எழுதியது:

வணக்கம். வெள்ளவத்தையில் உள்ள நடன வகுப்பு ஒன்றுக்காக செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகத்தில் சின்ன மேடையொன்றும், அதில் ஆடுவதற்கு ஒரு அவதாரமும் (அங்கே ஆளுக்குப் பதிலாக நிற்கிற உருவம்) செய்கிறோம். பரதத்தின் எட்டுத் திருஷ்டி பேதங்களையும், அதாவது எட்டுவகைப் பார்வைகளையும், பிள்ளைகள் கமராவைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய் வடிவாகப் பார்க்கவேண்டும் என்பதுதான் நோக்கம். ஆகவே கண் பிழைத்தால் உடுப்பு, சலங்கை, மேடை எதுவும் எடுபடாது.

தலை, கண், இமை மூன்றும் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் நாங்களே செய்தவை. முகத்துக்கும் எலும்பு உள்ள பென்டோ என்ற செகண்ட் லைஃப் எலும்புக்கூட்டில் ரிக் செய்திருக்கிறது, அதாவது எலும்பு அசைந்தால் உருவமும் அசையும்படி கட்டியிருக்கிறது. கருவிழிகளை எம்-ஃபேஸ்-ஐ-ஆல்ட் என்ற எலும்புச் சோடியில் கட்டியிருக்கிறோம், இமைகளை மேலிமை கீழிமை எலும்புகளில். அனிமேஷன்கள் பிவிஎச் என்ற அசைவுக் கோப்பாக, செக்கனுக்கு 30 ஃபிரேம், பிரயோரிட்டி (முன்னுரிமை) 0, ஈஸ் இன் 0.3, ஈஸ் அவுட் 0.3.

கரைச்சல் நாலு.

சாசிக்கு, அதாவது கடைக்கண் பார்வைக்குச் செய்த அனிமேஷன் பிளெண்டரில் சரியாக ஓடுகிறது. உலகத்துக்குள் ஓடவிட்டால் இமை அசைகிறது, கருவிழி மட்டும் கேட்பதில்லை. கர்சர் போகிற பக்கம்தான் போகிறது.

சிமிட்டலுக்கு 6 ஃபிரேம் வைத்திருக்கிறோம், மூன்றாவது ஃபிரேமில் முழு மூடல். ஆனால் உள்ளே பார்த்தால் இமை ஒரு துடிப்புத் துடிப்பதோடு சரி. கால்வாசிகூட இறங்குதோ தெரியவில்லை.

பாதி மூடிய பார்வையான நிமீலிதத்தை நிறுத்தினாலும் இமை பாதி மூடியபடியே நிற்கிறது. வெளியே போய்த் திரும்ப லொகின் பண்ணினால்தான் திறக்கிறது.

கடைசியாக, இடக்கண் 20 பாகைக்கு மேல் திரும்பினால் குழியை விட்டு ஒரு பக்கமாக வெளியே தள்ளுகிறது. வலக்கண்ணில் அப்படி இல்லை.

ரிக்கைத் திரும்பச் செய்யவேண்டுமோ, அப்லோட் செட்டிங்கில்தான் பிழையோ என்று யாராவது சொன்னால் பெரிய உதவி.

---

எலும்புக்கூடு எழுதியது:

ரிக்கைத் திரும்பச் செய்யத் தேவையில்லை, நயனபாவம் அக்கா. இடக்கண்ணை மட்டும் கொஞ்சம் திருத்தவேண்டிவரும். மற்ற மூன்றும் அப்லோட் பக்கத்துக் கதை.

செகண்ட் லைஃபில் ஒரு எலும்பு ஏன் சொன்னபடி கேட்கவில்லை என்று பார்க்கும்போது முதலில் கேட்கவேண்டியது: இந்த எலும்பு இப்போது யாருடைய கையில் இருக்கிறது? கண் எலும்பு ஒருபோதும் சும்மா இருப்பதில்லை. செகண்ட் லைஃபைத் திரையில் காட்டுகிற மென்பொருளான வியூவருக்குள்ளேயே கண்ணுக்கென்று ஒரு அசைவு எந்த நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். கர்சரை, கமராவை, கதைக்கிற ஆளைப் பார்ப்பது அதுதான். சும்மா நிற்கும்போது கண்ணை இடையிடையே சின்னதாகத் துள்ளவைப்பதும், சில செக்கனுக்கு ஒருதரம் வேறுபக்கம் பார்க்கவைப்பதும் அதே. பழைய கண் சோடியான எம்-ஐ எலும்புகளையும் பென்டோவோடு வந்த ஆல்ட் சோடியையும் அது சேர்த்தே ஆட்டும். ஒரே எலும்பை இரண்டு அசைவு கேட்டால் பிரயோரிட்டி எண் கூடியதுதான் வெல்லும். அதனுடைய பிரயோரிட்டி 1. உங்களுடையது 0. இதனால்தான் கருவிழியில் தோற்றுப்போகிறீர்கள். இமை எலும்பில் அந்த அசைவுக்கு வேலையே இல்லை, ஆகவே அங்கே 0 வைத்தாலும் நீங்கள் சொன்னபடி நடக்கிறது.

திருஷ்டி அனிமேஷன்களை 4 இல் ஏற்றுங்கோ. பிவிஎச் அப்லோட் பெட்டியில் 4 வரைக்கும்தான் இருக்கும். அவாஸ்டார் மாதிரி ஒரு பிளெண்டர் துணைநிரலால், செகண்ட் லைஃபின் சொந்த வகையான அனிம் கோப்பாக எடுத்தால் 6 வரை போகலாம், எலும்புக்கு எலும்பு வெவ்வேறு பிரயோரிட்டியும் வைக்கலாம். உங்கள் வேலைக்கு இது பின்னால் கட்டாயம் தேவைப்படும்.

இதே சாயலில் இன்னொரு பிழையும் அடிக்கடி வரும், இதையும் ஒருதரம் பாருங்கோ: கண் கட்டியிருப்பது ஆல்ட் சோடியில், அனிமேஷனில் கீ (இந்த ஃபிரேமில் இந்த நிலை என்ற குறிப்பு) வைத்திருப்பது எம்-ஐ சோடியில். இரண்டு சோடியும் ஒரே இடத்தில் இருப்பதால் பிளெண்டரில் தவறான எலும்பைத் தெரிவுசெய்வது வெகு சுலபம். பிறகு பிரயோரிட்டி 6 வைத்தாலும் கண் அசையாது.

இடக்கண். எலும்பின் மூலப்புள்ளி (அது சுழலும் இடம்) கண்ணுருண்டையின் மையத்தில் இல்லை. வலக்கண்ணைச் செய்து மிரர் பண்ணும்போது இது நடக்கிறது. தலை நடுக்கோட்டில் சரியாக நிற்காவிட்டால் மறுபக்கம் சில மில்லிமீற்றர் தள்ளிப்போய் விழும். 4 மில்லிமீற்றர் தள்ளியிருந்தாலே 30 பாகை திரும்பும்போது உருண்டை 2 மில்லிமீற்றர் பக்கவாட்டில் வழுகும். கிட்டத்தில் பார்க்கிற கண்ணில் 2 மில்லிமீற்றர் சின்ன விஷயமில்லை. எடிட் மோடில் கண்ணுருண்டையின் புள்ளிகள் முழுவதையும் பிடித்து, 3டி கர்சரை அவற்றின் நடுவுக்குக் கொண்டுபோய், அந்த எண்களை எலும்பின் தலைப்பக்கத்தோடு, அதாவது மூலப்புள்ளியோடு ஒப்பிடுங்கோ. நியம எலும்புக்கூட்டில் கண் எலும்பு, தலை எலும்பின் மூலத்திலிருந்து 9.8 செ.மீ. முன்னாலும் 7.9 செ.மீ. மேலேயும் நடுவிலிருந்து 3.6 செ.மீ. பக்கத்திலும் இருக்கிறது. நகர்த்தவேண்டியது கண் மெஷ்ஷை, அதாவது கண்ணின் உருவ வலையைத்தான். எலும்பை நகர்த்தி ஜொயின்ட் பொசிஷனோடு (எலும்பின் இடத்தையும் சேர்த்து) அப்லோட் செய்தால், பிறகு உருவ ஸ்லைடர் அந்த எலும்பை நகர்த்தாது, வேறு ஷேப் (உருவ அளவுகள்) போடுகிற பிள்ளைக்குக் கண் ஓரிடத்திலும் குழி வேறிடத்திலும் இருக்கும்.

இந்த இரண்டையும் பிரித்துப் பாருங்கோ: உருண்டை முழுதாக வழுகினால் மையம் பிழை. உருண்டை ஒரு பக்கம் இழுபட்டு முட்டை மாதிரி ஆனால் வெயிட் கசிவு, அதாவது சில புள்ளிகளில் தலை எலும்பான எம்-ஹெட்டின் வெயிட் (அந்த எலும்பு இழுக்கிற பங்கு) கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கண்ணில் எல்லாப் புள்ளிக்கும் ஒரே எலும்பு, வெயிட் சரியாக 1. அதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம்.

---

இமைப்பொழுது எழுதியது:

சிமிட்டலுக்கும் பாதி மூடிய இமைக்கும் நான் சொல்கிறேன்.

ஈஸ் இன் 0.3 என்றால், அனிமேஷன் தொடங்கி 0.3 செக்கன் போனபிறகுதான் அதற்கு முழு வலு வரும். உங்கள் இமை மூடுவது 3 ஆவது ஃபிரேமில், அதாவது 0.1 செக்கனில். வலு நேர்கோட்டில் ஏறுவதுமில்லை, எஸ் வடிவத்தில் மெல்லத் தொடங்கி ஏறும். மூன்றிலொரு பங்கு நேரத்தில் வலு ஏறக்குறைய 26 வீதம். நீங்கள் கண்ட 'கால்வாசி' அதுதான். முழு நீளமே 0.2 செக்கன் என்பதால் வலு ஏறுவதற்கு முன்னமே ஈஸ் அவுட் பிடித்துக்கொள்கிறது. சிமிட்டலில் ஈஸ் இன், ஈஸ் அவுட் இரண்டையும் 0 ஆக்குங்கோ. தொடக்கமும் முடிவும் திறந்த இமையாக இருந்தால் துள்ளல் தெரியாது.

நேரக்கணக்கையும் கொஞ்சம் மாற்றலாம். மனிதருடைய இமை இறங்குவது வேகம், ஏறுவது அதைவிட மெதுவு. இரண்டுக்கும் சம ஃபிரேம் கொடுத்தால் பொம்மைக் கண் மாதிரி இருக்கும். 30 ஃபிரேம் கணக்கில் இறங்க 3, மூடியபடி 1, ஏற 5. மொத்தம் 9 ஃபிரேம், 0.3 செக்கன். ஏறும் 5 இல் முதல் இரண்டில் பாதித் தூரத்துக்கு மேல் ஏறிவிடவேண்டும், மிச்சம் மெல்ல. செகண்ட் லைஃப் கீகளுக்கு நடுவில் நேர்கோட்டில்தான் போகும், பிளெண்டரில் நீங்கள் வளைத்துவைத்த கேர்வ் அப்படியே வராது. ஆகவே ஒவ்வொரு ஃபிரேமிலும் கீ இருக்கும்படி பேக் செய்துவிட்டு ஏற்றுமதி செய்யுங்கோ.

மேலிமைதான் மூடுகிற வேலையில் பெரும்பங்கு செய்யும். கீழிமை கொஞ்சம் மேலே வந்து மூக்குப் பக்கமாகச் சற்று நகரும், அவ்வளவுதான். இரண்டு இமையும் நடுவில் சந்திக்கும்படி வைத்தால் தவளைக்கண். மூடல் கோடு கண்ணின் கீழ்ப்பாதியில் விழவேண்டும்.

இமை பாதி வழியில் இருக்கும்போது கண்ணுருண்டை இமைத்தோலைக் கிழித்துக்கொண்டு எட்டிப்பார்த்தால் அனிமேஷனைக் குற்றம் சொல்லாதேயுங்கோ. இமை எலும்பின் மூலமும் கண் எலும்பின் மூலமும் ஒரே புள்ளி, ஆகவே சுழற்றினால் இமை உருண்டையின்மேல் வில்லாகத்தான் வரும். எட்டிப்பார்ப்பது மெஷ்ஷில் வளையங்கள் போதாமல். இமை மடிப்புக்கும் இமைமுடிக் கோட்டுக்கும் நடுவில் 4 வளையமாவது வேண்டும். இமைத்தோலின் உட்பக்கம் உருண்டையிலிருந்து ஒரு மில்லிமீற்றர் விலகி நிற்கட்டும்.

இனி, நிறுத்தினாலும் திறக்காத இமை. எலும்புக்கூடு சொன்ன அதே கேள்விதான்: அனிமேஷன் நின்றபிறகு அந்த எலும்பு யாருடைய கையில்? ஒருவருடைய கையிலும் இல்லை. கையும் காலும் என்றால் வியூவரின் நிற்கும் அசைவு கீழே ஓடிக்கொண்டிருக்கும், மேலே உள்ளது நின்றதும் அது பிடித்துக்கொள்ளும். பென்டோ முக எலும்புகளுக்கு அப்படி ஒன்று கிடையாது. கடைசியாக விட்ட இடத்திலேயே நிற்கும். வியூவரே செய்கிற சிமிட்டல் ஒன்று இருக்கிறதுதான், ஆனால் அது செகண்ட் லைஃபோடு வருகிற பழைய சிஸ்டம் தலையின் மோர்ஃபை (உருவ மாற்றத்தை) மட்டும் அசைக்கும். உங்களுடையதுபோல் தனியாகச் செய்த மெஷ் தலைக்கு அது எட்டாது.

இதற்கு மருந்து ஒரு அடித்தள அனிமேஷன். இமை நாலு, புருவம் ஆறு, எல்லாம் இயல்பு நிலையில், லூப்பில், பிரயோரிட்டி 0. அவதாரம் நிற்கிற நேரம் முழுவதும் அது ஓடட்டும். நிமீலிதம் நின்றதும் இமை தானாக அதற்குத் திரும்பும், ஈஸ் அவுட் 0.3 இருந்தால் மெல்லத் திறக்கும். திருஷ்டிகளுக்கு ஈஸ் வேண்டும், சிமிட்டலுக்குத்தான் கூடாது.

அந்த அடித்தளத்தை பிவிஎச்சில் செய்யும்போது எல்லோரும் விழுகிற குழி ஒன்று உண்டு. பிவிஎச்சின் முதல் ஃபிரேம் ஒப்பிடுவதற்கு மட்டும், அது ஓடுவதில்லை. முதல் ஃபிரேமுக்கும் மற்றவற்றுக்கும் வித்தியாசம் இல்லாத எலும்பை, 'இது அசையவில்லை' என்று அப்லோடர் கழித்துவிடும். இயல்பு நிலையை முதல் ஃபிரேமிலிருந்தே வைத்தால் கோப்பு ஏறும், ஆனால் உள்ளே இமைக்கு ஒன்றுமே இருக்காது. முதல் ஃபிரேமில் மட்டும் எல்லா இமையையும் புருவத்தையும் 10 பாகை கலைத்து வையுங்கோ, 2 ஆவதிலிருந்து இயல்பு நிலை. அனிம் கோப்பில் இந்தக் கரைச்சல் இல்லை, வைத்த கீ அப்படியே போகும்.

---

தாளக்கட்டு எழுதியது:

இருவரும் எலும்பைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். நான் ஆட்டத்தின் பக்கமிருந்து எண்களைத் தருகிறேன். இவை தொடங்குவதற்குரிய அளவுகள், உங்கள் கண் வடிவத்துக்குக் கூட்டிக் குறைக்கலாம்.

அவதாரத்துக்கு முன்பக்கம் எக்ஸ், இடப்பக்கம் வை, மேலே இசட். இசட் அச்சில் நேர் எண் வைத்தால் பார்வை அவதாரத்தின் இடப்பக்கம், வை அச்சில் நேர் எண் வைத்தால் கீழே. பிளெண்டர் எலும்பின் சொந்த அச்சு இதிலிருந்து வேறுபடலாம். ஒரு கண்ணுக்கு ஒரேயொரு கீ வைத்த சோதனை அனிமேஷன் ஒன்றை முதலில் ஏற்றிப் பார்த்து உறுதிப்படுத்தியபின் மற்ற வேலை. செகண்ட் லைஃபின் சோதனை உலகமான அடிட்டி கிரிட்டில் ஏற்றினால், செகண்ட் லைஃபின் காசான லிண்டன் டாலர் உண்மையில் கழியாது.

சாசி: கழுத்து அசையாமல் கருவிழி கடைக்கண்ணுக்குப் போவது. 30 பாகையிலிருந்து 35 வரை. வியூவர் தன் பாட்டுக்குக் கண்ணைத் திருப்பும்போது 27 பாகைக்கு மேல் விடாது, ஆகவே கர்சரால் சாசி ஒருபோதும் வராது, கீ வைத்தே ஆகவேண்டும். 24 மில்லிமீற்றர் குறுக்களவுள்ள உருண்டையில் 35 பாகை என்றால் கருவிழி ஏறக்குறைய 7 மில்லிமீற்றர் நகரும். கருவிழியின் வெளி விளிம்பு இமை மூலைக்குள் கொஞ்சம் மறையவேண்டும், பாதி மறைந்தால் அதிகம். இரண்டு கண்ணுக்கும் ஒரே பாகை வைத்தால் மூக்குப் பக்கம் போகிற கண்ணில் கருவிழி கூடுதலாக மறைந்ததுபோல் தெரியும். அதில் 2, 3 பாகை குறையுங்கோ.

பிரலோகிதம், பக்கத்துக்குப் பக்கம். சாதாரணமாக ஒரு மனிதக்கண் 30 பாகை தாவ 0.09 செக்கன் அளவே எடுக்கும், அதாவது 3 ஃபிரேம். சும்மா நிற்கிற அவதாரத்துக்கு அந்த வேகம்தான் உயிர் கொடுக்கும். ஆட்டத்தில் அப்படி இல்லை. முதலாம் காலத்தில் (மெதுவான வேகத்தில்) கருவிழி அட்சரத்தோடு (தாளத்தின் எண்ணிக்கையோடு) நகரவேண்டும், தாவக்கூடாது. ஒரு ஓரத்திலிருந்து மற்ற ஓரத்துக்கு ஒரு அட்சரம் முழுவதும் கொடுத்து, ஓரத்தில் 4 ஃபிரேம் நிறுத்துங்கோ. அந்த நிறுத்தம் இல்லாவிட்டால் சுவர் மணிக்கூட்டின் ஊசல் மாதிரி இருக்கும்.

ஆலோகிதம்தான் கூடுதல் வேலை வாங்கும். கண்ணை விரித்து வட்டமாகச் சுழற்றுவது. மேல், இடம், கீழ், வலம் என்று நாலு கீ வைத்தால் வட்டம் வராது, பட்டம் மாதிரிச் சாய்சதுரம்தான் வரும், ஏனென்றால் இமைப்பொழுது சொன்னதுபோல் நடுவில் நேர்கோடு. ஒரு சுற்றுக்குக் குறைந்தது 12 கீ. பக்கத்துக்கு 30 பாகை, மேலே 20, கீழே 25. உண்மையில் அது வட்டமுமில்லை, படுத்த நீள்வட்டம். மேலிமையை இயல்பிலிருந்து 6, 7 பாகை உயர்த்தி, வெண்விழி கருவிழிக்கு மேலே ஒரு கோடாகத் தெரியும்வரை வையுங்கோ. பின்வரிசையில் இருப்பவருக்கு ஆலோகிதம் என்று விளங்குவது அந்த வெள்ளைக்கோட்டால்தான்.

மேலே பார்க்கும் உல்லோகிதம், கீழே பார்க்கும் அவலோகிதம், மேலும் கீழும் மாறிமாறிப் பார்க்கும் அனுவிருத்தம் மூன்றிலும் இமை பார்வையோடு போகவேண்டும். பார்வை 20 பாகை தாழ்ந்தால் மேலிமை 12 இலிருந்து 14 வரை தாழட்டும். உயரும்போதும் அந்த விகிதம்தான். இதை விட்டால் அவலோகிதத்தில் அவதாரம் பயந்ததுபோல் இருக்கும், கருவிழி கீழே, இமை மேலே, நடுவில் வெள்ளை. பிளெண்டரில் மேலிமைக்குக் கண் எலும்பைப் பின்பற்றும் கொப்பி ரொட்டேஷன் ஒன்றை 0.65 செல்வாக்கில் போட்டுப் பேக் செய்தால் கையால் கீ வைக்கிற வேலை மிச்சம்.

நிமீலிதத்தில் பார்வை நேரே, மேலிமை கருவிழியின் நடுக்கோடு வரை. நேரே பார்க்கும் சமத்தில் ஒன்றும் அசையாது, இமைப்பதுமில்லை. அதனாலேயே அது கடினம்.

கை போகும் இடத்துக்குக் கண் போகவேண்டும் என்று வகுப்பில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். அவதாரத்தில் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு கண்ணுக்கும் நடுவில் 7.2 செ.மீ. முகத்துக்கு நேரே 40 செ.மீ. தூரத்தில் பதாக முத்திரை பிடித்தால் ஒவ்வொரு கண்ணும் 5 பாகை உள்ளே திரும்பவேண்டும். கை 25 செ.மீ.க்கு வந்தால் 8 பாகை. இரண்டு கண்ணையும் சமாந்தரமாக விட்டால் அவதாரம் கையைத் துளைத்துக்கொண்டு அப்பால் பார்க்கும். தூரத்தில் தெரியாது, உங்கள் பிள்ளைகள் கிட்ட வந்து பார்க்கும்போது தெரியும்.

ஆகவே கண்ணையும் கையையும் ஒரே கோப்பில் வையுங்கோ. செகண்ட் லைஃபை ஓட்டுகிற கணினிகளான சிமுலேட்டர்கள் இருப்பது அமெரிக்காவின் ஒரிகனில், கொழும்பிலிருந்து கட்டளை போய்வரவே கால் செக்கன் அளவில் போய்விடும். கைக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று என்று இரண்டைத் தொடக்கினால் அவை ஒரே நேரத்தில் தொடங்கும் என்று நம்பமுடியாது. ஒரு கோப்பின் உச்ச நீளம் 60 செக்கன். ஒரு அட்சரத்துக்கு ஒரு செக்கன் என்றால் ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம் (சுற்று) 8 செக்கன், 240 ஃபிரேம். 7 ஆவர்த்தனம் 56 செக்கன். அங்கே தீர்மானத்தில் (முடிப்பில்) வெட்டி, அடுத்த கோப்பை அரைமண்டியில் (முழங்கால் மடித்த நிலையில்) தொடங்குங்கோ, ஒட்டு தெரியாது.

---

நயனபாவம் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. பிரயோரிட்டி 4 வைத்ததும் சாசி வந்துவிட்டது. இடக்கண் உண்மையில் 5 மில்லிமீற்றர் வெளியே இருந்தது, சரிசெய்தாயிற்று. அடித்தள அனிமேஷனும் வேலை செய்கிறது, முதல் ஃபிரேமைக் கலைத்துவைக்காமல் ஏற்றியபோது இமைப்பொழுது சொன்னபடியே வெறுமையாக இருந்தது.

இன்னும் மூன்று கேள்வி. சிமிட்டலை எதனால் ஓட்டுவது, ஸ்கிரிப்டா? அப்படியென்றால் சமத்தின்போது அதை எப்படி நிறுத்துவது? வேறு ஷேப் போட்ட பிள்ளைகளுக்கு ஆலோகிதத்தின்போது மேலிமை நெற்றிப் பக்கம் ஏறிவிடுகிறது, ஏன்? ஒரு பிள்ளையின் கண் மட்டும் அனிமேஷன் இல்லாத நேரத்தில் எங்கும் பார்க்காமல் நேரே வெறித்தபடி நிற்கிறது, அது எதனால்?

---

எலும்புக்கூடு எழுதியது:

இமை நெற்றிக்கு ஏறுவது: ஆலோகிதக் கோப்பில் இமைக்குச் சுழற்சி கீயோடு இடப்பெயர்ச்சி கீயும் சேர்ந்து போயிருக்கிறது. இடப்பெயர்ச்சி கீ 'இந்த எலும்பு இந்த இடத்தில் இரு' என்று சொல்லும். அந்த இடம் உங்கள் ஷேப்புக்கு உரியது. கண்ணைத் தாழ்த்தி வைத்த ஷேப்பில் அதே இடம் நெற்றிப்பக்கம். ஏற்றுமதியில் இடப்பெயர்ச்சியை நீக்கி, முகத்துக்குச் சுழற்சி மட்டும் வைத்துக்கொள்ளுங்கோ. உங்கள் இமையும் கண்ணும் ஒரே மையத்தில் சுழல்வதால் இடப்பெயர்ச்சி இல்லாமலே எல்லாத் திருஷ்டியும் வரும். ஏற்கெனவே குழம்பிய அவதாரத்தை ரைட் கிளிக் செய்து ரீசெட் ஸ்கெலிட்டன் கொடுத்தால் சரியாகும். ஆனால் அது கொடுத்தவருடைய திரையில் மட்டும்தான் சரியாகும், பார்க்கிற ஒவ்வொருவரும் தத்தம் வியூவரில் கொடுக்கவேண்டும்.

வெறித்த கண்: அந்தப் பிள்ளை ஃபயர்ஸ்டோர்ம் என்ற வியூவரைப் பாவிக்கிறதோ என்று கேளுங்கோ. தனியுரிமைப் பகுதியில் தான் எதைப் பார்க்கிறேன் என்பதை மற்றவர்களுக்கு அனுப்பாமல் விடுகிற தெரிவு இருக்கிறது. அது போட்டிருந்தால் கண் பின்தொடர்வது மற்றவர்களுக்குத் தெரியாது. அந்தத் தெரிவை எடுப்பதும் விடுவதும் அவருடைய விருப்பம். அதைப் போட்டபடியே வைத்திருந்தால் அடித்தள அனிமேஷனில் கண்ணுக்கும் கீ சேர்த்து, அவருக்கென்று பிரயோரிட்டி 2 இல் ஒரு பிரதி செய்து கொடுங்கோ: சில செக்கனுக்கு ஒருதரம் 4, 5 பாகை அங்குமிங்கும், ஒவ்வொரு தாவலும் 1, 2 ஃபிரேமில்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். இமைமுடிக்கும் கண்மேல் பளபளப்புக்குப் போட்ட கோதுக்கும் இரண்டுக்குமே அல்ஃபா பிளெண்டிங் (அரைகுறையாக ஊடுதெரியும் முறை) வைத்திருந்தால், கமரா கிட்டப் போகும்போது எது முன், எது பின் என்று வியூவருக்குத் தடுமாறும், இமைமுடி மின்னிமின்னி மறையும். இமைமுடியை அல்ஃபா மாஸ்கிங்குக்கு (ஒன்றில் முழுதாகத் தெரியும், இல்லாவிட்டால் தெரியவே தெரியாது என்ற முறை) மாற்றுங்கோ. மை தீட்டிய தடித்த கோட்டுக்கு அதுவே போதும்.

---

இமைப்பொழுது எழுதியது:

சிமிட்டலுக்கு இரண்டு வழி. ஸ்கிரிப்ட் வழியென்றால் கண்ணோடு அணிகிற ஏதாவது ஒன்றுக்குள் சிமிட்டல் அனிமேஷனையும் ஸ்கிரிப்டையும் போடுங்கோ. அட்டாச் நிகழ்வில் (பொருளை அணியும்போது ஓடும் பகுதி) அனிமேஷன் ஓட்டும் அனுமதியைக் கேட்கவேண்டும். அணிந்த பொருளென்றால் பெட்டி காட்டாமல் தானாகக் கிடைக்கும். ஸ்டேட் என்ட்ரியில் (ஸ்கிரிப்ட் முதலில் தொடங்கும்போது ஓடும் பகுதி) மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தினால், கழற்றி அணியும்போது சிமிட்டல் வராது. அனுமதி கிடைத்ததும் டைமர். ஒவ்வொருதரம் டைமர் அடிக்கும்போதும் சிமிட்டலை நிறுத்தித் திரும்பத் தொடக்கி, அடுத்த இடைவெளியை 2 செக்கனோடு எல்எல்-ஃப்ராண்ட் 4 (0 இலிருந்து 4 வரை எழுமாறான ஒரு எண்) கூட்டிப் புதிதாக வைக்கவேண்டும். அப்படியென்றால் 2 இலிருந்து 6 வரை, சராசரி 4, நிமிடத்துக்கு 15. ஓய்வாக இருக்கிற மனிதர் இமைப்பது நிமிடத்துக்கு 15 இலிருந்து 20 வரை. நிலையான 4 செக்கன் வைத்தால் இரண்டே நிமிடத்தில் பார்ப்பவருக்குப் பிடிபட்டுவிடும். இரண்டு இமையும் கட்டாயம் ஒரே கோப்பில். இடதுக்கொன்று வலதுக்கொன்று வைத்தால் கண்ணடிக்கிற மாதிரி ஆகும்.

உங்கள் மேடைக்கு நான் சொல்வது இரண்டாவது வழி. 40 செக்கன் லூப் ஒன்று, அதற்குள் 11 சிமிட்டல், இடைவெளிகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராதபடி. ஓரிடத்தில் இரண்டு சிமிட்டல் அடுத்தடுத்து, ஓரிடத்தில் 7 செக்கன் ஒன்றுமில்லை. ஒருதரம் தொடக்கிவிட்டால் பிறகு சேர்வரிலிருந்து ஒரு செய்தியும் வரத்தேவையில்லை, பார்க்கிறவரின் வியூவரே ஓட்டும். குழுவாக ஆடும்போது எல்லோருக்கும் ஒரே லூப்பை ஒரே நேரத்தில் தொடக்கினால் வரிசை முழுவதும் சேர்ந்து இமைக்கும். ஆகவே வித்தியாசமான மூன்று லூப் செய்து பிரித்துக் கொடுங்கோ. அடித்தள நிலையையும் இதற்குள்ளேயே வைத்துவிடலாம், அப்போது இரண்டு கோப்புத் தேவையில்லை.

சமத்துக்கு ஒன்றையும் நிறுத்தவேண்டாம். சிமிட்டல் பிரயோரிட்டி 2, சமம் 4. சமத்தின் கோப்பில் இமை நாலுக்கும் திறந்த நிலையில் கீ இருந்தால், அது ஓடும்வரை கீழே சிமிட்டல் ஓடினாலும் வெளியே தெரியாது. சமம் நின்றதும் சிமிட்டல் தானாக மேலே வரும். பிவிஎச் என்றால் முதல் ஃபிரேமைக் கலைக்க மறக்கவேண்டாம், இல்லாவிட்டால் இமைக்கீ கழிபட்டு, நட்டுவனார் 'சமம்' என்று சொல்லி வாய்மூடும் முன் அவதாரம் இமைத்துவிடும். மற்ற ஏழிலும் இமைக்குக் கீ இருக்கிறதா என்று ஒருதரம் பாருங்கோ. பிரலோகிதத்தில்தான் அது அனேகமாக விடுபட்டிருக்கும், அதில் இமைக்கு வேலையில்லை என்று நினைத்துவிடுவோம்.

---

நயனபாவம் எழுதியது:

பார்த்தேன். பிரலோகிதத்திலும் சாசியிலும் இமைக்கீ இல்லை. இரண்டையும் சேர்த்து இன்றிரவே அடிட்டியில் ஏற்றிப் பார்க்கிறேன்.